சுவரில் ஏறாத வெள்ளம்

மலைமேல் மேகம் தங்கும் நாடுகள் பல உண்டு. மேகத்துக்குள் அரசாங்கமே தங்கிய நாடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதன் பெயர் மஞ்சுநாடு. அங்கே மன்னரை மக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளே மாலை போட்டு, மேளம் கொட்டி, மலையேற்றி விடுவார்கள். அரண்மனை உச்சியில் இருந்தது. உச்சியில் எப்போதும் மேகம். மேலே போனவருக்குக் கீழே இருக்கும் நாடு தெரியாது. கீழே இருப்பவர்களுக்கு மேலே போனவர் தெரியமாட்டார். இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது என்று அந்நாட்டு வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் மேலிருந்து வந்தது.

மாமன்னர் கார்முகிலர் கெட்டவர் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை போகிற போக்கில் உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடும். தேர்தலில் நின்றபோது ஊர் ஊராக நடந்தவர் அவர். சேற்றில் இறங்கி நாற்று நட்டவர். ஓவியர் வந்து அந்தக் காட்சியை வரைந்து முடிக்கும்வரை இடுப்பு வலிக்கக் குனிந்தே நின்றவர். மலையேறிய பிறகு அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. இறங்க முடியவில்லை. ஆனால் நாட்டைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை. “நாட்டு நிலவரம் என்ன?” என்று பொழுது விடிந்தால் கேட்பார், பொழுது சாய்ந்தால் கேட்பார். முதலமைச்சர் மெய்கண்டராயருக்கு இந்தக் கேள்வி பெரும் தலைவலியாக இருந்தது. பதில் சொல்ல வேண்டுமானால் யாராவது கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். அமைச்சரவையில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கடல் கடந்து ஒரு குத்தகைக்காரர் வந்து சேர்ந்தார். மிருதுவான பேச்சு, சுருக்கம் விழாத உடை. அரண்மனைக் கொலு மண்டபத்தின் பெரிய சுவரைத் தம் ஓவியர்களிடம் ஒப்படைத்தால் நாடு முழுவதையும் அதில் கொண்டுவந்து நிறுத்துவதாகச் சொன்னார். ஏரிகளின் நீர்மட்டம் நீலக் கோடாக இருக்கும். களஞ்சியங்கள் மஞ்சள் குவியலாக இருக்கும். மக்களின் மகிழ்ச்சியை ஒரு மயில் காட்டும். மகிழ்ச்சி கூடினால் தோகையில் கண்கள் கூடும். எல்லாவற்றுக்கும் நடுவில் சிம்மாசனத்தில் மாமன்னர் வீற்றிருப்பார்.

“நிலவரம் மாறினால்?” என்று மன்னர் கேட்டார்.

“மணி அடிப்போம் பெருமானே. கீழே ஒவ்வோர் ஊரிலும் கொடிக்காரர் ஒருவர் கொடியசைத்துச் செய்தி சொல்வார். மேகத்தின் விளிம்பில் நிற்கும் எங்கள் ஆள் அதைப் பார்த்து மேலே தெரிவிப்பார். எங்கள் ஓவியர்கள் சுவரைப் புதிதாகத் தீட்டுவார்கள். ஒரு நாளைக்கு ஆறு தீட்டல்.”

“ஏழாவது வேண்டுமென்றால்?”

“இது வெள்ளிப்படி ஒப்பந்தம். ஏழாவது தீட்டல் விலை கூடிய பொற்படி ஒப்பந்தத்தில்தான் கிடைக்கும். ஆனால் கவலை வேண்டாம். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலான நாடுகளில் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குமேல் எதுவும் நடப்பதில்லை.”

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. சுவரில் ஒரே ஒரு படத்தை மட்டும் திருத்தினாலும் அது ஒரு முழுத் தீட்டலாகவே கொள்ளப்படும். மேக ஈரத்தில் சாயம் வழிந்து தீட்டல் கெட்டுப்போனால், கெட்டதும் ஒரு தீட்டலே. மெய்கண்டராயர் இவற்றைப் படித்தார். நல்ல தமிழில் எழுதியிருக்கிறார்கள் என்று பாராட்டிக் கையெழுத்திட்டார்.

சுவர் எழுந்தது. மன்னர் குழந்தைபோல மகிழ்ந்தார். உண்மையிலேயே அழகான சுவர், அதை நான் மறுக்கமாட்டேன். தொல்லை, அதற்கு ஒரு சட்டம் போட்டபோது ஆரம்பித்தது.

“ஒரு தீட்டலுக்கும் அடுத்த தீட்டலுக்கும் இடையே, சுவரில் உள்ளதே நாட்டின் நிலவரம்” என்று மெய்கண்டராயர் அறிவித்தார். “சுவரில் இல்லாத எதையும் எந்த அதிகாரியும், எந்த நீதிமன்றமும் சாட்சியமாக ஏற்கலாகாது.” மாறுபட்ட தகவல்களால் அரசு குழம்பக் கூடாது என்பது இதன் நோக்கம். அரசு குழம்பவில்லை. வேலங்குடியில் ஒருவருடைய எருது காலைத் தீட்டல் முடிந்த கையோடு செத்து விழுந்தது. புதைக்கக் குழி வெட்டினார். கிராம அதிகாரி ஓடிவந்து தடுத்தார். சுவரில் எருது உயிரோடு இருந்தது. உயிருள்ள மாட்டைப் புதைப்பது குற்றம். அடுத்த மணி அடிக்கும்வரை அந்த மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு எருதுக்கு வைக்கோல் போட்டார்.

இப்படி முணுமுணுப்புகள் மேலே போகத் தொடங்கின. சுவர் ஒன்று சொல்கிறது, நாடு ஒன்று சொல்கிறது என்றார்கள். மெய்கண்டராயர் அறிஞர் குழு ஒன்றை அமைத்தார். குழு நெடுநாள் ஆராய்ந்து, பிழை சுவரில் இல்லை, நாடுதான் அவசரப்படுகிறது என்று கண்டறிந்தது. உடனே அசையா ஆணை பிறந்தது. மணி அடிக்கும்போது நாட்டில் எல்லோரும் இருந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கு முந்தைய ஒரு நாழிகையில் மட்டும் வாங்கலாம், விற்கலாம், தாலி கட்டலாம். மற்ற நேரங்களில் எதுவும் மாறக்கூடாது. மீன் விற்பவர்கள் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மீனுக்கு ஆணை தெரியாது, அது நாறியது. கல்யாண வீடுகளில் சாம்பார் இரண்டு தடவை கொதித்தது. ஒரு வைத்தியர் அதிகாரியிடம் போய், “காய்ச்சல் இடையில ஏறுதே, மருந்து குடுக்கலாமா?” என்று கேட்டார். ஏறியது சுவரில் இல்லாதபோது இறக்குவதற்கு என்ன இருக்கிறது என்று அதிகாரி திருப்பிக் கேட்டார்.

மூன்றாவது ஆணைதான் நம் கதைக்கு வேண்டியது. ஏரிகளில் மிஞ்சும் நீர் வெளியேற ஒரு வாய் இருக்கும், கலிங்கு என்பார்கள். அதில் பலகைகளைச் செருகித் தண்ணீரைத் தேக்குவார்கள். வெள்ளம் வந்தால் பலகைகளை உருவி விடுவார்கள். அதுவரை இது அந்தந்த ஊர்க்காரர்கள் வேலை. இனி எல்லாப் பலகைகளுக்கும் அரக்கு முத்திரை வைக்கப்படும் என்றும், சுவரில் நீலக் கோடு சிவப்புக் குறியைத் தாண்டினால் மட்டுமே மேலிருந்து திறப்பு உத்தரவு வரும் என்றும் மெய்கண்டராயர் அறிவித்தார்.

மலையடிவாரத்தில் தாழையூர் என்று ஓர் ஊர். பெருங்கண் ஏரிக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது. ஊர்த்தலைவி நல்லினி. செங்கல் சூளை வைத்திருந்தாள். நூறு பேரை மேய்த்த குரல் அவளுடையது. அவள் வீடு கலிங்குக்கு நேர் கீழே. வீட்டில் அவள் கணவன் ஆதன், சூளையில் செங்கல் சரிந்து காலை முறித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான். முத்திரை வைக்க வந்த அதிகாரியிடம் நல்லினி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அய்யா, தண்ணி மணி பார்த்து வருமா?”

“நாகரிகமடைந்த நாடுகளில் வருகிறது” என்றார் அதிகாரி.

மன்னரின் பிறந்தநாள் வந்தது. விடியற்காலைத் தீட்டலில் மயிலின் தோகையில் ஓரிடம் வழுக்கையாகத் தெரிந்தது. ஏதோ ஓர் ஊர்க் கொடிக்காரருக்குத் தும்மல் வந்து கொடியை இரண்டு தடவை அசைக்காமல் விட்டிருக்க வேண்டும். மன்னரின் முகம் வாடியது. மெய்கண்டராயருக்குப் பொறுக்கவில்லை. “மயிலை மறுபடி தீட்டுங்கள்” என்றார். தீட்டினார்கள், வழுக்கை போயிற்று, ஆனால் பக்கத்தில் இன்னொன்று வந்தது. மறுபடி தீட்டினார்கள். நான்காவது தீட்டலில் மேகம் உள்ளே புகுந்து மயில் முழுக்க வழிந்து வாத்துபோல ஆகிவிட்டது. அதுவும் ஒரு தீட்டல். ஐந்தாவதும் போதவில்லை. ஆறாவதில் மயில் தோகை விரித்து நின்றது. மண்டபம் கைதட்டியது. அப்போது நண்பகல்கூட ஆகவில்லை. அன்றைய தீட்டல்கள் தீர்ந்துவிட்டன.

அன்று காலை முதலே மேற்கே மலைச்சரிவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் பெருங்கண் ஏரியில் தண்ணீர் கரைக்கு இரண்டு முழம் கீழே நின்றது. பிறகு ஒரு முழம் ஆயிற்று. கரையில் ஓரிடத்தில் மண் கசிந்து குழைய ஆரம்பித்தது. நல்லினி மலையேறினாள். ஓடி ஏறினாள் என்றே சொல்ல வேண்டும். கொலு மண்டபத்து வாசலில் நிறுத்தினார்கள். மெய்கண்டராயர் வந்தார், பின்னால் குத்தகைக்காரரும் வந்தார். மன்னர் பிறந்தநாள் விருந்து முடிந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

“அய்யா, ஏரி தளும்புது. கரை கசியுது. பலகையை எடுக்க உத்தரவு குடுங்க.”

மெய்கண்டராயர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். பெருங்கண் ஏரியின் நீலக் கோடு சிவப்புக் குறிக்கு வெகு கீழே, விடிகாலையில் இருந்த இடத்தில் அமைதியாக இருந்தது.

“ஏரி பாதிதான் நிறைந்திருக்கிறது அம்மையே.”

“அது காலையில. இப்ப வந்து பாருங்க.”

“‘இப்போது’ என்பது நாளை விடியலில்தான் கிடைக்கும். இன்றைய ‘இப்போது’கள் ஆறும் முடிந்துவிட்டன.”

“எதுக்கு முடிஞ்சுது?”

மெய்கண்டராயர் கையை நீட்டி மயிலைக் காட்டினார். தாழையூர் மக்களின் மகிழ்ச்சியும் அதில் அடக்கம் என்று பெருமையோடு சொன்னார். நல்லினி அந்த மயிலைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு குத்தகைக்காரரைப் பார்த்தாள்.

“ஏன்யா, ஒரே ஒரு கோடு. நானே தீட்டிக்கிறேன், தூரிகையைக் குடுங்க.”

“மனமார உதவ விரும்புகிறோம்” என்றார் குத்தகைக்காரர். “பொற்படிக்கு மாறிவிட்டால் இந்த நொடியே தீட்டலாம். அதற்கு மன்னர் ஒப்பம், கருவூல இசைவு, மூன்று மாத முன்னறிவிப்பு, இவ்வளவுதான் வேண்டும்.”

நல்லினி அதற்குமேல் நிற்கவில்லை. இறங்கி வந்தபோது தண்ணீர் கரைக்கு அரை முழம் கீழே நின்றது. ஊர் முழுவதும் கலிங்கருகே கூடியிருந்தது. முத்திரையை உடைத்தால் சிறை என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் பலகையில் கை வைக்கவில்லை. நல்லினி வீட்டுக்குள் போய் ஆதனின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உத்தரவு குடுக்கல” என்றாள். “உங்களை நாலு பேரை வெச்சுத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போயிடலாம்.”

ஆதன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். “என்னை மாதிரி படுத்துக் கிடக்கறவங்க ஊர்ல எத்தனை பேரு? எல்லாரையும் தூக்குவியா? என்னைத் தூக்கறதைவிடப் பலகையைத் தூக்கறது லேசு, நல்லி.”

அவள் எழுந்து போனாள். அரக்கு முத்திரையை முதலில் உடைத்தவள் அவள்தான். பிறகு முப்பது பேர் கை வைத்தார்கள். பலகைகள் ஊறி இறுகிக் கிடந்தன. கடப்பாரை போட்டு நெம்பி உருவினார்கள். கடைசிப் பலகை வந்ததும் தண்ணீர் இரைந்துகொண்டு பழைய ஓடையில் பாய்ந்தது. ஓடையோரத்து வாழைத்தோட்டம் ஒன்று போயிற்று. நல்லினி வீட்டு வாசற்படி நனைந்தது. ஊர் பிழைத்தது. பொழுது சாயும்போது கரை மேல் உட்கார்ந்து சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். விடிவதற்குள் மழை ஓய்ந்து தண்ணீர் இறங்கிவிட்டது. மிச்ச நீர் வயலுக்கு வேண்டுமே என்று பலகைகளைத் திரும்பச் செருகினார்கள். பிறகு மணி அடித்தது. எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

முத்திரைப் பரிசோதகர் ஒருவர் இருந்தார். அவர் வாரம் ஒருமுறை வருபவர். அந்த வாரம் அவர் வரும் நாள் அன்றுதான். உடைந்த அரக்கைப் பொறுக்கி வெள்ளித்தட்டில் வைத்து மலைக்கு அனுப்பினார். நல்லினியைக் கைது செய்து கொலு மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். மன்னர் சிம்மாசனத்தில் இருந்தார். மெய்கண்டராயர் குற்றச்சாட்டைப் படித்தார்.

“தாழையூர் நல்லினி, வெள்ளமே இல்லாத நாளில், அரச முத்திரையை உடைத்துக் கலிங்கைத் திறந்தாள். வெள்ளம் இல்லை என்பதற்குச் சுவரே சான்று. நேற்றைய கடைசித் தீட்டலில் ஏரி பாதி. இன்றைய முதல் தீட்டலிலும் ஏரி பாதி. இடையில் ஏறியதாகவும் இறங்கியதாகவும் சொல்லப்படும் தண்ணீர் எங்கும் இல்லை. தண்டனை, ஏழாண்டுச் சிறை.”

“நீ ஏதாவது சொல்கிறாயா?” என்று மன்னர் கேட்டார்.

நல்லினி சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பெருங்கண் ஏரிப் படத்துக்குப் பக்கத்தில் கலிங்கின் சிறிய படம் ஒன்று இருந்தது. அதை அவள் முந்தின நாள் மலையேறி வந்தபோதே கவனித்திருந்தாள்.

“மன்னா, நேத்துக் கடைசித் தீட்டல்ல கலிங்கு எப்படி இருந்துச்சு?”

“மூடியிருந்தது” என்றார் மெய்கண்டராயர்.

“இன்னைக்கு மொதல் தீட்டல்ல?”

மெய்கண்டராயர் பார்த்தார். “மூடியிருக்கிறது.”

“அப்ப நான் எப்பத் திறந்தேன்?”

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். மெய்கண்டராயர் வெள்ளித்தட்டைத் தூக்கிக் காட்டினார். “இதோ உடைந்த முத்திரை! கண்கூடான சான்று!”

“அது சுவத்துல இல்லீங்களே. சுவத்துல இல்லாததைச் சாட்சியா எடுத்துக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்கதானே? வெள்ளம் வரலைன்னா நான் திறக்கவும் இல்ல. நான் திறந்தேன்னா வெள்ளமும் வந்துச்சு. ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்.”

மெய்கண்டராயர் சட்டப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். புரட்டினார். அவரே எழுதிய சட்டம், ஓட்டை விடாமல் எழுதியிருந்தார். வெள்ளம் வந்தது என்று ஒப்புக்கொண்டால் சுவர் தவறு என்றாகும்; அது அரச நிந்தனை, அதற்குத் தண்டனை ஏழாண்டுக்கும் மேல். கடைசியில், குற்றம் நிகழவில்லை என்றும், நிகழாத குற்றத்துக்காகக் கைதானவளைக் கைது செய்ததும் நிகழவில்லை என்றும் தீர்ப்பு எழுதினார். நல்லினி கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

“கொஞ்சம் நில் அம்மா” என்றார் மன்னர். தணிந்த குரலில் கேட்டார். “உன் வீடு நனைந்ததா?”

“வாசப்படி வரைக்கும், மன்னா.”

மன்னர் தலையசைத்தார். அன்று மாலை அவர் மயிலைப் பார்க்கவில்லை என்று பணியாளர்கள் பேசிக்கொண்டார்கள்.

தீர்ப்பு ஊர் ஊராகப் பரவியது. சனங்கள் புத்திசாலிகள், ஒருமுறை சொன்னால் போதும். இரண்டு மணிகளுக்கு நடுவில் எது செய்தாலும் சட்டப்படி அது நடக்கவே இல்லை. அப்புறம் என்ன? மீன் பிடித்த சூட்டோடு விற்றது. சாம்பார் ஒரே தடவை கொதித்தது. வைத்தியர் காய்ச்சல் ஏறிய உடனே மருந்து கொடுத்தார். பாலம் உடைந்தால் மணிக்கு முன் கட்டி முடித்தார்கள். ஏரிக்கரை ஊர்கள் தமக்குள் ஆள் வைத்து, மேல் ஏரியில் தண்ணீர் ஏறினால் கீழ் ஏரிக்குப் பறையடித்துச் சொன்னார்கள். அதைச் சொல்ல மலைக்குப் போய்வர வேண்டியிருக்கவில்லை. மணி அடித்ததும் எல்லோரும் நல்ல பிள்ளையாக அசையாமல் நிற்பார்கள். சிலர் அப்படி நிற்கும்போது சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்பார்கள். கொடிக்காரர்களும் நம் ஆட்கள்தாமே; சுவருக்குப் பிடித்தபடி கொடியசைத்தார்கள். மயிலின் தோகை நாளுக்கு நாள் நீண்டு பக்கத்துச் சுவருக்குப் போயிற்று.

ஐந்தாண்டு முடிந்து தேர்தல் வந்தது. மெய்கண்டராயர் மயிலைச் சுட்டிக்காட்டித் தேர்தல் வேண்டாம் என்று அறிவித்தார். “இந்தச் சுவர் நாள்தோறும் ஆறு முறை தேர்தல் நடத்துகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது காட்டுமிராண்டிக் காலத்து வழக்கம்.”

மக்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பகல் மணிக்கும் மாலை மணிக்கும் நடுவில், ஒரே பிற்பகலில், நாடு முழுவதும் குடங்களில் ஓலை போட்டுத் தேர்தலை நடத்தி முடித்தார்கள். கட்டிலோடு தூக்கிவரப்பட்டவர்களும் ஓலை போட்டார்கள். ஆதன் அதற்குள் தடியூன்றி நடக்கத் தொடங்கியிருந்தான். தானே நடந்து போனான். நல்லினி வென்றாள். அவள் கொடுத்த வாக்குறுதி இரண்டுதான். கலிங்குப் பலகை அந்தந்த ஊரிடமே இருக்கும். தான் மலையேறமாட்டாள். நெல்மண்டிக் கொட்டகையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாள். வருகிறவர்கள் நேரே வந்து கத்தலாம், கத்தினார்கள்.

மேலே இது எதுவும் தெரியாது. எப்படித் தெரியும்? மாலைத் தீட்டலில் எல்லாம் பழையபடி இருந்தது. ஆனால் கீழே சாமான் வாங்கப் போன பணியாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பாமல் நின்றுவிட்டார்கள். முதலில் தோட்டக்காரர், பிறகு பல்லக்குத் தூக்கிகள், கடைசியில் சமையற்காரர். ஒருநாள் காலை மன்னரின் தட்டில் ஒன்றுமில்லை.

“மெய்கண்டரே, பசிக்கிறது.”

மெய்கண்டராயர் சுவரைப் பார்த்தார். அரண்மனை அடுக்களைப் படத்தில் சோறு மலையாகக் குவிந்திருந்தது. “பெருமானே, தாங்கள் சற்றுமுன் உணவருந்தியிருக்கிறீர்கள்.”

“எனக்குத் தெரியவில்லையே.”

“வயிறு பழைய தகவலைச் சொல்கிறது. அடுத்த தீட்டலில் சரியாகிவிடும்.”

மன்னர் தட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாசற்படி வரை நனைந்த ஒரு வீடு அவருக்கு நினைவுக்கு வந்தது. தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும் என்று இறங்கத் தொடங்கினார். உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். பாதி மலையில் மேகம் விலகியது. பெருங்கண் ஏரி கண்ணில் பட்டது. சுவரில் இருந்த நீலம் வேறு, இது வேறு. காற்றில் ஒரு நொடிகூடச் சும்மா இராமல் அசைந்துகொண்டே இருந்தது. அவர் நெடுநேரம் அங்கேயே நின்றார். நானாக இருந்தால் அழுதிருப்பேன். அவரும் அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

தாழையூர்ச் சந்தைக்குள் அவர் வந்தபோது மேலிருந்து மணி அடித்தது. மன்னர் சட்டென்று நின்றார். ஒரு கால் முன்னே, ஒரு கை தடியில், அப்படியே அசையாமல் நின்றார். அவர் பெயரில் போட்ட சட்டம் அல்லவா! சுற்றிலும் ஒருவரும் நிற்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற காலமும் போய்விட்டது. மணி ஓசையை யாரும் காதில் வாங்கவே இல்லை. தலையில் கத்தரிக்காய்க் கூடையோடு வந்த ஒருத்தி அவர்மேல் முட்டப் பார்த்தாள்.

“பெரியவரே, நட்ட நடுவழியில நிக்கறீங்களே. ஓரமாப் போங்க.”

“மணி அடிக்கிறதே அம்மா?”

“அது மேல இருக்கறவங்களுக்கு. நமக்கு என்ன?”

மன்னர் ஒரு கணம் தயங்கினார். பிறகு காலை எடுத்து வைத்தார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓரமாக நடந்தார். கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நல்லினிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. எழுந்து வந்தாள். அவளுக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. ஒன்றை மட்டும் கேட்டாள்.

“சாப்பிட்டீங்களா?”

“சுவர்ப்படி சாப்பிட்டுவிட்டேன்” என்றார் கார்முகிலர்.

நல்லினி சிரித்துவிட்டாள். கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கொட்டகையில் உட்காரவைத்தாள். ஆதன் ஒரு கலயத்தில் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்தான். மன்னர் குடித்தார். இரண்டாவது கலயமும் கேட்டார்.

அதே நேரத்தில் மலைமேல் ஓவியர்கள் சுவரைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கடமை தவறாதவர்கள். கண்ணெதிரே இருப்பதைத் தீட்ட அவர்களுக்குக் கொடி தேவையில்லை. நடுவில் காலியான சிம்மாசனத்தைத் தீட்டினார்கள். மெய்கண்டராயர் அதிர்ந்து, “தவறிய தீட்டல், மறுபடி தீட்டுங்கள்” என்றார். மறுபடியும் காலியாகவே வந்தது. அதுவும் தவறியது என்றார். இப்படியே அன்றைய ஆறும் தீர்ந்தன. அவர் விடியும்வரை காத்திருப்பதென்று முடிவுசெய்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். உண்மையான சிம்மாசனம் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.